பருந்து எண்ணும் பாடம்

கோயில் குடமுழுக்கில் கலசத்துக்கு நீர் ஊற்றும் நேரம் வந்துவிட்டால் கூட்டம் முழுவதும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கும். எங்கோ ஒரு பருந்து வட்டமிட்டால் போதும், “கருடன் வந்துவிட்டது” என்று கைகள் கூப்பிவிடும். சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. அதன் அண்மைய குடமுழுக்கு 2023 பிப்ரவரியில் நடந்தது. இத்தனை தலைமுறையாக அந்தத் தெருவில் நின்று தமிழர்கள் பருந்தைத் தேடியிருக்கிறார்கள். ஆகவே பருந்து பார்ப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் வந்த பறவை எது, எங்கிருந்து வந்தது, எத்தனை வந்தன என்று கேட்கும் பழக்கம் நமக்குக் குறைவு. இக்கட்டுரை அந்த மூன்று கேள்விகளைப் பற்றியது.

என் ஊர் சிரம்பான். அங்கே தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இப்போது பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சைனாடவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். நான்காம் படிவத்தில் எங்கள் பள்ளியின் இயற்கைக் கழகம் எங்களைப் போர்ட் டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவானுக்கு அழைத்துச் சென்றது. அங்கேதான் பருந்துகளை எண்ணுவதற்கென்று ஆட்கள் உட்கார்ந்திருப்பதை முதன்முதலில் பார்த்தேன். மார்ச் மாதம் வந்தால் இப்போது நானும் ஒரு பைனாகுலரும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். தமிழ்ப் பேரவை மலரில் இதை ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இங்கே ஏது வசந்தம்?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே மழை உண்டு, வெயில் உண்டு, வசந்தம் இல்லை. நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களின்படி பார்த்தாலும் மாசி, பங்குனி மாதங்கள் பின்பனிக்காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. ஆனால் ஜப்பானிலும் வட சீனாவிலும் சைபீரியாவிலும் கூடு கட்டும் பறவைகளுக்கு மார்ச் மாதம் வீடு திரும்பும் காலம். குளிர்காலத்தைச் சுமத்ராவிலும் ஜாவாவிலும் கழித்துவிட்டு, வடக்கே பனி உருகி இரை கிடைக்கத் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகப் பிப்ரவரி நடுவிலேயே புறப்பட ஆரம்பித்துவிடுகின்றன. வடக்கில் வரப்போகும் வசந்தத்தின் முதல் அடையாளம் நம் தலைக்கு மேலே பறந்துபோகிறது என்று சொல்லலாம்.

இவற்றில் எண்ணிக்கையில் முதலிடம் தேன்பருந்துக்கு. அதனோடு ஜப்பானிய வல்லூறு, சீன வல்லூறு, சாம்பல்முகப் பருந்து, கறுப்பும் வெள்ளையுமான பாஸா ஆகியவையும் வருகின்றன. 2003 முதல் தோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் தேன்பருந்துகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தித் துணைக்கோள் மூலம் பின்தொடர்ந்தார்கள். இலையுதிர் காலத்தில் அவை ஜப்பானிலிருந்து கிழக்குச் சீனக் கடலை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தாண்டிச் சீனாவை அடைகின்றன; பிறகு இந்தோசீனா, மலாய்த் தீபகற்பம் வழியாகத் தெற்கே வருகின்றன. திரும்பும்போது அந்தக் கடல்வழியை விட்டுவிட்டுச் சீனாவின் உள்நிலம் வழியே கொரியத் தீபகற்பம் வரை சென்று, அங்கிருந்து ஜப்பானுக்குள் இறங்குகின்றன. போகும் வழி ஒன்று, வரும் வழி வேறொன்று. ஆனால் இரண்டு பயணத்திலும் மலாய்த் தீபகற்பம் வழியில் இருக்கிறது.

கடலைக் கடக்கும் கணக்கு

பெரிய பருந்துகள் சிறகை ஓயாமல் அடித்து நெடுந்தூரம் போவதில்லை. காலை வெயிலில் நிலம் சூடேறும்போது வெப்பக்காற்று மேலெழும். பருந்து அதற்குள் புகுந்து, சிறகை விரித்தபடி வட்டமிட்டு, செலவில்லாமல் உயரம் ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் போகவேண்டிய திசையில் சறுக்கி இறங்குகிறது. அடுத்த வெப்பக்காற்றில் மறுபடியும் ஏறுகிறது. மின்தூக்கியில் ஏறிச் சறுக்குமரத்தில் இறங்குவது போன்ற பயணம் இது.

கடலில் இந்த மின்தூக்கி இல்லை. நீர் நிலத்தைப் போல் விரைவில் சூடேறாது. அதனால் கடல் குறுகலாக இருக்கும் இடத்தைப் பருந்துகள் தேடுகின்றன. சுமத்ரா பக்கம் ரூப்பாட் தீவு, மலேசியா பக்கம் தஞ்சோங் துவான்: இடையில் 38 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சிறகடிக்க வேண்டும். கரையை அடையும்போது பல பருந்துகள் தாழ்வாக, மரங்களின் உச்சியை ஒட்டி, களைத்து வருகின்றன. அங்கேயுள்ள கலங்கரை விளக்கக் குன்றின் காட்டுக்கு மேல் வெப்பக்காற்று கிடைத்ததும் வட்டமிட்டு ஏறி வடக்கே போய்விடுகின்றன. நல்ல நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பருந்துகளை எண்ணலாம். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது.

சிங்கப்பூரின் கதை வேறு. தெற்கே வரும் பருந்துகள் தீபகற்பத்தின் முனையில்தான் நிலத்தை விடுகின்றன; ஆகவே இங்கே அக்டோபர், நவம்பரில் தெலுக் பிளாங்கா குன்றிலும் கென்ட் ரிட்ஜ் பூங்காவிலும் அவற்றை நிறையப் பார்க்கலாம். வசந்தத்தில் பெருங்கூட்டம் தஞ்சோங் துவான் பக்கம் போய்விடுகிறது. சிங்கப்பூருக்கு மேலே ஒன்றும் இரண்டுமாகத்தான் வரும். சைனாடவுனில் மார்ச் மாதம் எண்ணுகிறவன் இதைத் தெரிந்துகொண்டுதான் உட்கார வேண்டும்.

நான்கு மொழி, ஒரு பூச்சி

தமிழ்ப்பள்ளியில் நாங்கள் கற்றது பருந்து, கழுகு என்னும் இரண்டு சொற்கள். இடைநிலைப்பள்ளியில் எல்லாமே ‘ஹெலாங்’ ஆயிற்று. ஆனால் மலாய்க்காரர்கள் தேன்பருந்துக்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: லாங் லெபா, அதாவது தேனீப் பருந்து. சீனத்தில் அதன் பெயர் ஃபெங் யிங். அதற்கும் தேனீப் பருந்து என்றே பொருள். ஜப்பானியப் பெயரான ஹாச்சிகுமாவின் முதற்பாதி தேனீயையும் குளவியையும் குறிக்கும். தமிழில் தேன்பருந்து. நான்கு மொழிக்காரர்களும் தனித்தனியே கவனித்து ஒரே பழக்கத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். உண்மையில் இந்தப் பறவைக்கு வேண்டியது தேனைவிடக் கூட்டுக்குள் இருக்கும் புழுக்கள். கொட்டுக்கு அஞ்சாதபடி அதன் முகத்தில் செதில் போன்ற அடர்ந்த சிற்றிறகுகள் இருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்று. நம் மொழியிலும் கூர்ந்து பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். மீன் பிடிக்கும் பருந்துக்கு விராலடிப்பான் என்று பெயர். வேகமாகப் பாய்ந்து பறக்கும் பறவையை அடிப்பது பைரி. தோட்டத்தில் ஓணானைத் தூக்குவது வல்லூறு. கோயில் வானில் நாம் கருடன் என்று கும்பிடுவது செம்பருந்து. பிணம் தின்பது பாறு. குறுந்தொகையில் ‘எழால்’ என்றொரு வேட்டைப்பறவை வருகிறது; புறாவைக் காக்கத் தன்னையே கொடுத்த சோழனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில் புறாவைத் துரத்துவது பருந்து. இத்தனை பெயர் வைத்த மொழியைப் பேசும் நாம் இன்று வானத்தில் பறப்பதையெல்லாம் ‘கழுகு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சொல் அகராதியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பறவையைப் பார்த்து வேறுபாடு அறிகிறவன் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. எண்ணுவதற்கு முதலில் இனம் பிரிக்க வேண்டும். இனம் பிரிக்கப் பெயர் வேண்டும். இந்தக் கட்டுரை இம்மலரில் இருப்பதற்கு அதுவே காரணம்.

உருவத்தால் அறிதல்

உயரத்தில் பறக்கும் பறவையின் நிறம் பெரும்பாலும் தெரியாது; நிழலுருதான் தெரியும். தேன்பருந்து விதவிதமான நிறங்களில் வரும். நிறத்தை நம்பினால் குழம்பிவிடுவோம். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

தேன்பருந்து: புறாவின் தலை போலச் சிறிய தலை, சற்று நீண்ட கழுத்து, அகன்ற சிறகு, நீண்ட வால். வட்டமிடும்போது சிறகைத் தட்டையாக விரிக்கும். சிறகின் நுனியில் ஆறு ‘விரல்’ தெரியும்.

வெண்வயிற்றுக் கடற்கழுகு: இங்கேயே வாழ்வது. சிறகை மேல்நோக்கி ஆங்கில வி எழுத்துப் போல் பிடிக்கும். உடல் வெளுப்பு, சிறகின் பின்பாதி கறுப்பு, வால் குட்டை.

செம்பருந்து: இதுவும் இங்கேயே வாழ்வது. செங்கல் நிற உடல், வெள்ளைத் தலையும் மார்பும்.

வல்லூறு இனங்கள்: உருவில் சிறியவை. சில முறை படபடவென்று அடித்து, ஒரு சறுக்கு. மறுபடியும் அடித்து, ஒரு சறுக்கு.

பாஸா: கூட்டமாக வரும். சிறகு அகன்று உருண்டையாக இருக்கும். கறுப்பு வெள்ளை நிறத்தாலும் காகம் போன்ற சிறகடிப்பாலும் அடையாளம் காணலாம்.

பருந்தின் அளவை மதிப்பிடப் பக்கத்தில் பறக்கும் காகத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது எளிது. சைனாடவுனில் காகத்துக்குப் பஞ்சமில்லை.

எண்ணும் முறை

முதலில் இடம். சைனாடவுனுக்குப் பின்னால் பேர்ல்ஸ் ஹில் பூங்கா இருக்கிறது. நிழல் நன்றாக இருக்கும். ஆனால் மரங்கள் வானத்தை மறைத்துவிடும். அதைவிட டக்ஸ்டனில் உள்ள 50 மாடி வீவக கட்டடமான பினக்கிள் நல்லது. அதன் ஏழு புளோக்குகளை இணைக்கும் 50ஆம் மாடி வானப்பாலத்துக்குச் சிறு கட்டணம் செலுத்தி யாரும் போகலாம். தெற்கே துறைமுகமும் தீவுகளும், மேற்கே ஃபேபர் மலையும் தெரியும். தரையிலிருந்து பார்த்தால் தலைக்கு மேல் புள்ளியாகத் தெரியும் பறவை அங்கே சில சமயம் கண்ணுக்கு நேராகப் போகும்.

அடுத்து நேரம். நிலம் சூடேறிய பிறகே பருந்து ஏறும். காலை 9 மணி அளவில் தொடங்கிப் பிற்பகல் 3 மணி வரை பார்ப்பது நல்லது. தொப்பி, தண்ணீர், எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். சூரியனுக்கு அருகே பைனாகுலரைத் திருப்பவே கூடாது, கண் பறிபோய்விடும்.

இருவராகப் போவது சிறப்பு. ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். எழுதக் குனிந்த நேரத்தில் ஒரு பறவை கடந்துபோய்விடும் அல்லவா!

எண்ணும்போது மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஒன்று, கோடு. வானத்தில் கற்பனையாக ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்; ஒரு கட்டடத்தின் உச்சி, ஒரு விளக்குக் கம்பம் எதுவாயினும் சரி. அந்தக் கோட்டைத் தாண்டி வடக்கே போகும் பறவைதான் கணக்கு. திரும்பி வந்தால் கழித்துக்கொள்ள வேண்டும். இங்கேயே வாழும் செம்பருந்து ஒரு நாளில் இருபது முறை கடக்கும். அது இருபது பருந்தாகிவிடாது.

இரண்டு, பொறுமை. கூட்டம் வட்டமிட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் பறவைகளை எவராலும் சரியாக எண்ண முடியாது. உச்சிக்குப் போனதும் அவை வரிசையாகச் சறுக்கத் தொடங்கும். அப்போது எண்ண வேண்டும். கூட்டம் பெரிதானால் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் மற்றதை அளக்கலாம்.

மூன்று, மணிக்கணக்கு. எத்தனை பறவை என்பதோடு எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பதையும் எழுத வேண்டும். ஓர் ஆண்டு 30 மணி நேரம் பார்த்து 300 பருந்து எண்ணினோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 10 மணி நேரம்தான் கிடைத்தது, 150 பருந்து. மொத்தத்தை மட்டும் பார்த்தால் பருந்து பாதியாகிவிட்டது. மணிக்கு எத்தனை என்று பார்த்தால் 10 என்பது 15 ஆகியிருக்கிறது. நேரம் எழுதாத எண்ணிக்கை நம்மைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும். மேகம், மழை, காற்றின் திசை ஆகியவற்றையும் மணிக்கு ஒருமுறை குறித்துவைக்க வேண்டும்.

பறவை வராத மணிக்குச் சுழியம் போட வேண்டும். என் குறிப்பேட்டில் சைனாடவுன் பக்கங்களில் சுழியங்களே அதிகம். “மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து ஒன்றுமே பார்க்கவில்லையா?” என்று அறைத்தோழர் சிரிப்பார். பார்த்தேன், பருந்து வரவில்லை என்பதைப் பார்த்தேன். வெற்றிடமாக விட்ட கட்டத்துக்கும் சுழியம் எழுதிய கட்டத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் யாரும் பார்க்கவில்லை. பின்னதில் பார்த்தார்கள், பறவை இல்லை.

எண்ணியவர்களும் எண்ணாதவர்களும்

இத்தனை சிரமம் எதற்கு? இரண்டு மலைகளின் கதையைச் சொல்கிறேன்.

முதல் மலை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ளது. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் அங்கே நின்று கடந்துபோகும் பருந்துகளை நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துச் சரணாலயமாக்கினார். காவலராக அமர்த்தப்பட்ட மாரிஸ் புரூன் கடந்துபோகும் பறவைகளை எண்ணத் தொடங்கினார். வெண்தலைக் கழுகுகளில் இளம்பறவை எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று பிரித்து எழுதினார். 1935 முதல் 1939 வரை எண்ணியவற்றில் 40 விழுக்காடு இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 விழுக்காடாகக் குறைந்தது. 1957இல் 32 முதிர்ந்த கழுகுக்கு ஓர் இளம்பறவைதான். கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன; ஆனால் குஞ்சுகள் பிறக்கவில்லை. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இந்த எண்களைச் சான்றாக எடுத்துவைத்தார். டிடிடி பூச்சிமருந்து 1972இல் அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. ஒருவர் மலையில் உட்கார்ந்து போட்ட கோடுகள் ஒரு நஞ்சுக்கு எதிராகச் சாட்சி சொன்னது இப்படித்தான்.

இரண்டாவது மலை நம்முடையது: திருக்கழுக்குன்றம். அங்கே நாள்தோறும் நண்பகலை ஒட்டி அர்ச்சகர் பாறையில் சர்க்கரைப் பொங்கல் வைப்பார். இரண்டு பறவைகள் இறங்கி வந்து உண்டுவிட்டுப் போகும். ஊரார் கழுகு என்று அழைத்த அவை மஞ்சள்முகப் பாறுகள். அதைக் காண மக்கள் திரண்டார்கள். உலகில் வேறெங்கும் இவ்வளவு தவறாமல் ஒரு பறவைக்காகக் காத்திருந்தவர்கள் இருப்பார்களா என்பது ஐயமே. அந்த வருகை 1990களின் இறுதியில் நின்றுபோனது. அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுகள் மடிந்துகொண்டிருந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றது என்பது 2004இல் நிறுவப்பட்டது. 2006இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது.

நான் பக்தியைக் குறை சொல்லவில்லை. பறவைக்குச் சோறு வைத்துக் காத்திருந்த மரபு எனக்குப் பெருமையே. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி ‘வந்தனவா, வரவில்லையா’ என்பதுதான். சுற்றியுள்ள குன்றுகளில் எத்தனை கூடு, எத்தனை குஞ்சு என்பது யாத்திரை வந்தவரின் கேள்வியாக இருக்கவில்லை. கடைசி இரண்டு வரும்வரை ‘இரண்டு வருகின்றன’ என்றே கண்ணுக்குத் தெரியும். குறைவதைக் கண் காட்டிக்கொடுக்காது, குறிப்பேடுதான் காட்டிக்கொடுக்கும்.

நாம் செய்யக்கூடியது

தஞ்சோங் துவான் காடு சிறியது. சுற்றிலும் கடற்கரை விடுதிகள். கடலைக் கடந்து களைத்து வரும் பருந்துக்கு அதுதான் முதல் நிழல். அந்தக் காடு எதற்கு வேண்டும் என்று நாளை ஒருவர் கேட்டால், ‘அழகாக இருக்கிறது’ என்ற பதில் நிற்காது. இத்தனை ஆண்டுகளாக, இத்தனை மணி நேரத்தில், இத்தனை பருந்துகள் என்ற பதில் நிற்கும்.

பேரவை நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்ச் மாத வார இறுதியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். மலேசியா போகக் கூடியவர்கள் தஞ்சோங் துவானுக்கு வாருங்கள். முடியாதவர்கள் டக்ஸ்டன் மாடிக்கோ ஃபேபர் மலைக்கோ வாருங்கள். தமிழில் பெயர்கள் எழுதிய எண்ணிக்கைத் தாள் ஒன்றை நான் தயாரித்து வைத்திருக்கிறேன்: தேன்பருந்து, வல்லூறு, பைரி, விராலடிப்பான், செம்பருந்து என்று கட்டம் கட்டமாக. எண்ணியதை ஈபேர்ட் என்னும் உலகப் பதிவேட்டில் ஏற்றினால் ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களையும் கூட்டிவாருங்கள். வகுப்பில் பத்து முறை எழுதினாலும் நிற்காத சொல், வானத்தில் ஒருமுறை பார்த்தால் நின்றுவிடும்.

முதல் நாள் தாள் முழுவதும் சுழியமாக இருக்கலாம். தேதியும் நேரமும் போட்டு அதையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அதுவும் வேண்டியிருக்கும்.